வெண்ணெய் போன வழி: கார்க் நாட்குறிப்பு

வியாழன்: கால்வாய்க்கு மேலே கடைத்தெரு

டப்ளினிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். வழி நெடுக மேய்ச்சல் நிலமும் மாடுகளும்தான். அயர்லாந்தின் இரண்டாவது பெரிய நகரத்துக்கு வருகிறோம் என்று நம்பவே முடியவில்லை. கார்க்கின் கென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரம் வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. தம்பி வந்து நின்றான். இங்கே மென்பொருள் வேலை பார்க்கிறான்.

"அக்கா, டப்ளின் நல்லா இருந்துச்சுன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கார்க்காரங்களுக்கு இதுதான் நிஜமான தலைநகரம்" என்றான் பெட்டியைத் தூக்கிக்கொண்டே. வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். மாலைக்குள் ஒரு டாக்ஸிக்காரரும் ஒரு ரொட்டிக்கடைப் பெண்ணும் இதையே சொல்லிவிட்டார்கள்.

லீ ஆறு ஊருக்குள் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு தீவை விட்டுவிட்டு மறுபடி சேர்கிறது. அந்தத் தீவுதான் நகர மையம். சதுப்பில் எழுந்த ஊர். முன்பு தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள்தான் ஓடினவாம். 18ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடிக் கடைவீதி ஆக்கினார்கள். முக்கிய வீதியான செயின்ட் பேட்ரிக் தெரு ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டால், ஆறு அப்படித்தான் வளைந்தது, அதற்கு மேல்தான் நடக்கிறோம் என்று பதில் வருகிறது. சவுத் மாலில் சில பழைய வீடுகளின் வாசலுக்குப் படியேறிப் போகவேண்டும். படிக்குக் கீழே தெரு மட்டத்தில் இன்னொரு கதவு. அது படகில் வந்த சரக்கை இறக்கிய கதவு. இப்போது அந்த வீடுகளில் வக்கீல் ஆபீஸ்களும் வங்கிகளும் இருக்கின்றன.

இங்கிலீஷ் மார்க்கெட் 1788இல் தொடங்கிய சந்தை. மேலே கண்ணாடிக் கூரை, நடுவே ஒரு நீரூற்று, சுற்றிலும் இறைச்சியும் மீனும் பாலாடைக்கட்டியும். ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம் சேர்த்துச் செய்யும் டிரிஷீன் என்ற சாசேஜை என் வீட்டுக்காரர் தள்ளி நின்றே தரிசித்தார். நான் நின்றது முட்டைக் கடையில். வெண்ணெய் தடவிய முட்டை விற்கிறார்கள். கோழி இட்ட சூடு ஆறுவதற்குள், உள்ளங்கையில் கொஞ்சம் வெண்ணெய் எடுத்து, முட்டையை இரண்டு கைக்குள் வைத்து உருட்டுவார்களாம். ஓட்டின் நுண்துளைகளில் வெண்ணெய் இறங்கி அடைத்துவிடும், காற்று புகாது, பல வாரம் கெடாது. ஃபிரிட்ஜ் வருவதற்கு முந்தைய வித்தை. இப்போது ருசிக்காக வாங்குகிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன், மெருகு போட்ட மாதிரி மினுங்குகிறது. அவித்துச் சாப்பிட்டால் வெள்ளைக்கருவில்கூட வெண்ணெய் வாசனை.

நகர மன்றத்துக்கு முன்னால் இரண்டு மார்பளவுச் சிலைகள். அயர்லாந்துச் சுதந்திரப் போராட்டம் நடந்த 1920இல், இரண்டு பேருமே மேயராக இருந்தபோதே இறந்தவர்கள். தாமஸ் மெக்கர்ட்டனை மார்ச்சில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த டெரன்ஸ் மெக்ஸ்வீனி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபரில் உயிர்விட்டார். அந்த டிசம்பரிலேயே பிரிட்டிஷ் துணைப்படைகள் இந்த ஊரின் நடுப்பகுதியைக் கொளுத்தின. பேட்ரிக் தெருவில் ஒரு பக்கம் முழுக்க அதற்குப் பிறகு கட்டியது என்று தம்பி காட்டினான். ஒன்பது வருடம் கழித்து லாகூர் சிறையில் நம் விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து இறந்தபோது, மெக்ஸ்வீனி குடும்பத்திலிருந்து இரங்கல் தந்தி வந்தது. இங்கே வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்த கார்க், இந்தத் தந்தி ஒன்றுதான்.

வெள்ளி: பொய் சொல்லும் கடிகாரமும் பீப்பாய்களும்

ஆற்றைத் தாண்டி வடக்கே செங்குத்தான மேடு. அதன் மேல் ஷாண்டன். செயின்ட் ஆன் தேவாலயத்தின் கோபுரத்தில் இரண்டு பக்கம் செம்மணற்கல், இரண்டு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கார்க் விளையாட்டு அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டையும் இதே நிறம்தான். நாலு பக்கமும் கடிகாரம், நாலும் வெவ்வேறு நேரம் காட்டுமாம். 'நாலு முகப் பொய்யன்' என்று ஊரே செல்லமாகத் திட்டுகிறது. நாங்கள் பார்த்தபோது இரண்டு முகத்துக்கு இடையே சில நிமிட வித்தியாசம் இருந்தது. மணிக்கு மணி எல்லாம் ஒத்துப்போய்விடும் என்கிறார்கள்.

உள்ளே எட்டு மணிகள். 1752இலிருந்து ஒலிக்கின்றன. முதல் தளத்தில் கயிறுகள் எண் போட்டுத் தொங்குகின்றன, பக்கத்தில் பாட்டுக்கான எண் அட்டை. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இவர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக்கொண்டு இழுத்தார். மே மாதத்தில், ஊருக்கே கேட்கும்படி, தாளமே இல்லாமல். பக்கத்து வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது உதவித்தொகை கொடுக்க வேண்டும்.

கோபுரத்துக்குக் கீழேயே வெண்ணெய் அருங்காட்சியகம். "வெண்ணெய்க்கு ஒரு மியூசியமா?" என்று சிரித்துக்கொண்டேதான் போனோம். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

1770இல் இங்கே கார்க் வெண்ணெய்ச் சந்தை அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இதுதான். கெர்ரி, லிமெரிக் பக்கமிருந்தெல்லாம் விவசாயிகள் குதிரை முதுகிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கென்றே போட்ட சாலைகளுக்கு இன்றும் வெண்ணெய்ச் சாலை என்றுதான் பெயர். ஃபெர்கின் என்கிற மரப்பீப்பாய் ஒன்றில் 56 பவுண்டு பிடிக்கும். சோதனைக்காரர் நீளமான ஒரு கோலைப் பீப்பாயின் அடிவரை செருகி இழுப்பார். மேலே நல்ல வெண்ணெயும் அடியில் மட்டமான சரக்கும் வைத்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். கரீபியன் தீவுகள் வரைக்கும் போகவேண்டிய சரக்கு, வெயிலில் கெட்டுப்போகக் கூடாது என்று உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வெண்ணெய்ப் பாத்திரம் இருக்கிறது. பதப்படுத்த வைத்தார்களோ, ஒளித்து வைத்தார்களோ, சேற்று நிலத்தில் புதைத்தது அப்படியே கிடந்து கிடைத்திருக்கிறது.

கடைதல் எல்லாம் பெண்கள் வேலை. மரச்சாடி, நடுவில் மத்து, மேலும் கீழுமாக இடிக்கவேண்டும். கடையும் நேரத்தில் யாராவது வீட்டுக்குள் வந்தால் அவரும் மத்தைப் பிடித்து இரண்டு தடவை இடித்துவிட்டுத்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் திரளாது, வந்தவர் அதிர்ஷ்டத்தைக் கொண்டுபோய்விடுவார். மே முதல் நாளில் வீட்டிலிருந்து நெருப்போ பாலோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. என் ஆச்சி இங்கே வந்திருந்தால் பாஷை தெரியாமலே ஒத்துப்போயிருப்பாள்.

சிரிப்பு அடுத்த அறை வரைக்கும்தான். இவ்வளவு வெண்ணெய் எடுத்த குடும்பங்கள் அதைச் சாப்பிடவில்லை. நிலம் இன்னொருத்தருடையது. வெண்ணெய் குத்தகைப் பணத்துக்கு, கடைந்து மிஞ்சிய மோர் வீட்டுக்கு. மோரும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. 1845இல் கிழங்குச் செடியில் அழுகல் நோய் வந்தது. சாப்பாட்டில் மோர் மட்டும் மிச்சம். ஆனால் குத்தகை நிற்கவில்லை, அதனால் வெண்ணெயும் நிற்கவில்லை. பஞ்ச வருடங்களிலும் துறைமுகத்திலிருந்து பீப்பாய்கள் போய்க்கொண்டே இருந்தன. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். சந்தையில் தலையிடக் கூடாது என்ற அதே லண்டன் தத்துவம், 1876இல் தாது வருஷப் பஞ்சத்திலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியத்தை ஏற்றுமதி செய்யவிட்டது. பஞ்சம் என்றால் மழை பொய்ப்பது, பயிர் நோய் என்று மட்டும் பாடம் நடத்துவதை நிறுத்தலாம்.

டேனிஷ் வெண்ணெயும் மார்ஜரினும் வந்து போட்டியில் சந்தை நொடித்து 1924இல் மூடிவிட்டார்கள். கடைசி அறையில் 1962இல் வந்த கெரிகோல்ட் வெண்ணெயின் பழைய விளம்பரங்கள், தங்க நிறத் தாள். தம்பி வீட்டு ஃபிரிட்ஜிலும் அதே தாள்தான்.

சனி: கோவ்

ரயிலில் 25 நிமிடம். கடைசியில் தண்ணீரை ஒட்டியே போகிறது. நான் தூத்துக்குடிக்காரி. துறைமுகம் என்றால் கிரேனும் கரித்தூளும் என்று பழகிய கண்ணுக்கு, இந்த வண்ண வண்ண வீடுகளும் மேட்டில் தேவாலயமும் ரொம்ப அலங்காரமாகத் தெரிந்தன. செயின்ட் கோல்மன் பேராலயத்தை 1868இல் தொடங்கி 1919இல் முடித்தார்கள். கோபுரத்தில் 49 மணிகள். அதற்குக் கீழே சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குச் சீட்டுக்கட்டு என்று பெயர். கடைசி வீடு சாய்ந்தால் எல்லாம் சாய்ந்துவிடும் என்று கிண்டல். எல்லாரும் எடுக்கும் போட்டோவை நாங்களும் எடுத்தோம்.

விக்டோரியா ராணி 1849இல் வந்து போனதால் குவீன்ஸ்டவுன் என்று மாற்றிய பெயரை, சுதந்திரப் போராட்டக் காலத்தில் துடைத்துவிட்டுப் பழையபடி கோவ் ஆக்கினார்கள். 1848க்கும் 1950க்கும் இடையில் அயர்லாந்தை விட்டுப் போனவர்கள் 60 லட்சம். அதில் 25 லட்சம் பேர் இந்த ஒரு துறைமுகத்திலிருந்து. பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே அந்தக் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது. ரயிலில் வந்து இறங்கி, கப்பலுக்கு நடந்த அதே இடம்.

அங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைக்கு முந்தின ராத்திரி வீட்டில் இழவு கூட்டுவார்களாம். செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரியே, ஊர் கூடி, விடிய விடிய ஆட்டம், பாட்டு, குடி, அழுகை. பிணம் மட்டும் கிடையாது, பிள்ளை நடுவில் உட்கார்ந்திருக்கும். போனால் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி இதைப் படித்துவிட்டு, "எனக்கு அம்மா முறுக்கு சுட்டுக் குடுத்தாங்க, அவ்வளவுதான்" என்றான். ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ஒரு மணி நேரம் பேசினான்.

வெளியே கரையில் ஆனி மூர் சிலை. இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு 1891 டிசம்பரில் இங்கிருந்து புறப்பட்டவள். 1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது, முதலில் பதிவானது அவள் பெயர். சிலையில் மூத்த தம்பி கடலைக் கைகாட்டுகிறான். அவள் திரும்பி ஊரைப் பார்க்கிறாள்.

டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகமும் இதுதான், 1912 ஏப்ரல் 11. கப்பல் பெரிது என்பதால் உள்ளே வரவில்லை. துறைமுக வாயிலில் நின்றது. இங்கிருந்து 123 பேரைச் சிறிய நீராவிக் கப்பல்களில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அன்றைக்கு இறங்கியவர்களும் உண்டு. பிரான்சிஸ் பிரவுன் என்ற யேசு சபை மாணவர் சவுத்தாம்டனிலிருந்து இதுவரைக்கும்தான் டிக்கெட் வைத்திருந்தார். நியூயார்க் வரைக்கும் நாங்களே செலவு செய்கிறோம், வா என்று ஒரு பணக்கார அமெரிக்கத் தம்பதி கூப்பிட்டார்கள். தலைமைப் பாதிரியாரிடம் அனுமதி கேட்டுத் தந்தி அடித்தார். இறங்கு என்று பதில் வந்தது. கப்பலுக்குள் அவர் எடுத்த போட்டோக்கள் இன்றும் இருக்கின்றன. பயணிகள் கிளம்பிய மரத்துறையில் இப்போது உளுத்துப்போன கட்டைகள்தான் நிற்கின்றன, மேலே நீர்க்காகங்கள். அதை ஒட்டி டைட்டானிக் பெயர் போட்ட பொம்மைகளும் கோப்பைகளும் விற்கிறார்கள். ஒன்றும் வாங்கவில்லை.

ஞாயிறு: மேற்கே, அஹகிஸ்டா

தம்பி கார் எடுத்தான். பாண்டன், கிளானகில்டி தாண்டினால் சாலை ஒடுங்கி, இரண்டு பக்கமும் வேலிப்புதர் கண்ணாடியை உரசுகிறது. ஹாதார்ன் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, பாறைச் சரிவில் கோர்ஸ் மஞ்சளாக. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி. டிராம்பெக்கில் வட்டமாக நட்ட பழங்காலக் கற்களைப் பார்த்தோம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் சூரியன் மறையும் திசைக்கு நேராக வைத்திருக்கிறார்கள். மழை பிடித்ததால் ஓட்டமாக ஓடி வந்தோம்.

டுரஸ் தாண்டி ஷீப்ஸ் ஹெட் தீபகற்பத்தில் அஹகிஸ்டா, சின்னஞ்சிறு கிராமம். 1985 ஜூன் 23 காலை, மாண்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்குப் போகவேண்டிய ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் இந்தக் கடலுக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பெரும்பாலும் கனடாவில் குடியேறிய இந்தியக் குடும்பங்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியவர்கள். எல்.இ. ஐஸ்லிங் என்ற அயர்லாந்துக் கடற்படைக் கப்பலும் வேறு கப்பல்களும் தேடின. கிடைத்தது 131 உடல்கள். கார்க் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

கடலை ஒட்டி ஒரு சிறு தோட்டம், நடுவில் சூரியக் கடிகாரம், ஒரு சுவரில் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் நாலைந்து வரிசையாக வரும் இடங்களில் வேகமாகப் படிக்க முடியவில்லை. நாய்க்குட்டியோடு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துவிட்டு, "உங்கள் வீட்டு ஆட்கள் யாராவதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். சரி, இருந்தாலும் வந்தீர்களே என்றார். ஜூன் 23 காலையில் வருடாவருடம் ஊர் ஜனங்களும் உறவினர்களும் இங்கே கூடுகிறார்கள். தன் கடற்கரைக்கு வந்த துக்கத்தை இந்த ஊர் தன் துக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இங்கே வந்து தமிழில் எழுதுகிற பயணிகள் பிளார்னி கோட்டைக்குப் போகிறார்கள், டைட்டானிக்கைப் பார்க்கிறார்கள். ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம்.

திங்கள்: பிளார்னி

சரி, பிளார்னிக்கும் போனோம். நகரப் பேருந்திலேயே போகலாம். இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. 1446இல் மெக்கார்த்தி வம்சம் கட்டிய கோட்டை. உச்சியில் ஒரு கல்லுக்கு முத்தம் கொடுத்தால் வாக்கு வன்மை வருமாம். மல்லாக்கப் படுத்து, இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே தொங்கவிட்டு எட்ட வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு. வளைந்த படிக்கட்டில் ஒன்றரை மணி நேரம் வரிசை. இவர் கொடுத்தார். எனக்கு அவசியம் இல்லை என்று இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள்.

கோட்டைக்குப் பின்னால் நச்சுத் தோட்டம். தொடாதே, மோக்காதே என்று பலகை. சில செடிகள் கூண்டுக்குள். மண்டையோட்டுப் படம் போட்டு, பயங்கர விஷம் என்று எழுதி வைத்திருந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தால், நம்ம ஆமணக்கு! கொட்டையில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது, வாஸ்தவம்தான். பிள்ளைப் பருவத்தில் மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய எண்ணெய்க்கு இவ்வளவு மரியாதையா என்று நின்று பார்த்தேன்.

திரும்பும் வழியில் பல்கலைக்கழகம். கணினிக்கு அடிப்படையான பூலியன் தர்க்கத்தைத் தந்த ஜார்ஜ் பூல் 1849இலிருந்து இங்கே முதல் கணிதப் பேராசிரியர். கொட்டும் மழையில் நடந்து வந்து, நனைந்த துணியோடு பாடம் நடத்தி, நிமோனியா கண்டு 1864இல் இறந்தார். அவர் மனைவி மேரி, எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் சகோதரர் மகள். "அக்கா, நான் சோறு சாப்பிடுறது இவராலதான்" என்று தம்பி கட்டடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது, குடை கொண்டுவந்திருந்தோம்.

செவ்வாய்: மிடில்டன்

ரயிலில் இன்னொரு கிளை. இந்த ஊருக்கு எல்லாரும் வருவது விஸ்கிக்காக. 31,000 காலனுக்கு மேல் கொள்ளும் செம்புக் கொதிகலன் ஒன்று பழைய டிஸ்டில்லரியில் இருக்கிறது. உலகத்திலேயே பெரியது என்கிறார்கள். இவரையும் தம்பியையும் அங்கே விட்டுவிட்டு நான் பெய்லிக் பூங்காவுக்கு நடந்தேன்.

ஒன்பது கழுகு இறகுகள், துருப்பிடிக்காத எஃகில், இருபதடி உயரத்துக்கு வட்டமாக நிற்கின்றன. ஒரு காலிக் கிண்ணம் போன்ற வடிவம். கிட்டப் போனால் ஒவ்வொரு இறகின் இழையும் தனித்தனியாக வெட்டப்பட்டிருக்கிறது, இரண்டு இறகு ஒன்று போல இல்லை. அலெக்ஸ் பென்டெக் என்ற கார்க் சிற்பி செய்தது, 2017இல் திறந்தார்கள். இது ஒரு நன்றிச் சின்னம்.

அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரை 1831இலிருந்து சொந்த மண்ணைவிட்டு விரட்டினார்கள். ஓக்லஹோமா வரைக்கும் நடந்த நடையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் 1847இல் அயர்லாந்துப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு, கூடி 170 டாலர் வசூலித்து அனுப்பினார்கள். பார்த்திராத நாடு, பார்த்திராத ஜனம். அதற்கும் முன்னால், 1846இலேயே வந்த முதல் நிதிகளில் ஒன்று கல்கத்தாவிலிருந்து. பெரும்பாலும் அங்கே இருந்த ஐரிஷ் சிப்பாய்களின் பணம். 2020இல் கொரோனா சமயத்தில் அமெரிக்காவின் நவஹோ, ஹோபி பழங்குடிகளுக்கு நிதி திரட்டியபோது, அயர்லாந்திலிருந்து சாதாரண ஆட்கள் பத்து, இருபது டாலராகப் போட்டார்கள். பலர் சாக்டாவின் அந்தப் பணத்தைக் குறிப்பிட்டே அனுப்பினார்கள்.

பூங்காவில் நுழைவுச்சீட்டு கிடையாது. நடந்தே போய்விடலாம். டிஸ்டில்லரிக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், சனி ஞாயிறு இடம் கிடைக்காது. வெண்ணெய் தடவிய முட்டை வேண்டுமென்றால் இங்கிலீஷ் மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு விடுமுறை.